சட்டையைக் கழற்றினால் அட்டை, அம்மாவை இழுத்தால் ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்த எழுவர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் பற்றி நாலு வரி வந்திருந்தது. நடுவர் தீர்ப்பால் சலசலப்பு என்று போட்டிருந்தீர்கள். அந்தச் சலசலப்பு நடந்தபோது நான் கோட்டுக்கு ரெண்டடி தள்ளி, மஞ்சக்குப்பம் மைதானத்துப் புழுதியில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் நாலு வரியில் வராததை எழுதுகிறேன்.

பதினேழு வயசுப் பையன் ஒருத்தன். முதல் பாதியில், எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்த கடுப்பில் பந்தை உதைத்துத் தள்ளிவிட்டு ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தான். ரெண்டாம் பாதியில் சமன் கோலைப் போட்டான், போட்ட சந்தோஷத்தில் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டே கார்னர் கொடி வரை ஓடினான். ரெண்டாவது மஞ்சள், கூடவே சிவப்பு, வெளியே. சரி, அதில் நடுவரைக் குறை சொல்ல முடியாது. சட்டையைக் கழற்றினால் மஞ்சள் என்று விதி 12 சொல்கிறது, யோசிக்க இடமே இல்லை, மனசு வராவிட்டாலும் காட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதற்கு அஞ்சு நிமிடம் முன்னால் இன்னொன்று நடந்தது. போட்டியை நடத்தியவர்களின் சொந்த அணித் தலைவர், முப்பது வயசு ஆள், த்ரோ தங்களுக்குக் கொடுக்கவில்லை என்று நடுவரின் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில் நின்று அவருடைய அம்மாவை இழுத்துப் பேசினார். எனக்குக் கேட்டது. பக்கத்தில் சுண்டல் விற்ற அம்மாவுக்கும் கேட்டது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடுவருக்கு மட்டும் கேட்கவில்லை. விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு "ஆடுங்க, ஆடுங்க" என்று போய்விட்டார்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் அவரைப் பிடித்தேன். புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார், உப்பளம் ஸ்டேடியத்தில் ஆடி வளர்ந்தவராம். "கேட்டுச்சுண்ணே. அந்தாளுக்குச் சிவப்பு எடுத்தா எனக்குப் பணக் கவர் யார் குடுப்பா? ராத்திரி பாண்டி பஸ்ஸை நான் தனியாத்தானே நடந்து போய்ப் பிடிக்கணும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நம்ம ஊர் ஆட்களுக்கு ஒரு பொதுவான புகார் உண்டு, ஒரே மாதிரி ஃபவுலுக்கு ஒரு ரெஃப்ரி சும்மா விடுகிறார், இன்னொருத்தர் சிவப்பு தருகிறார் என்று. விதியே அங்கே தீர்ப்பை நடுவரின் கண்ணுக்கு விட்டிருக்கிறது, அதனால் வருகிற வித்தியாசம் அது. கவனமில்லாமல் காலை வைத்தால் வெறும் ஃபவுல், அட்டை கிடையாது. எதிராளிக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பாய்ந்தால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு போய் அவன் உடம்புக்கே ஆபத்து என்றால் சிவப்பு. "பந்தைத்தான் சார் எடுத்தேன்" என்பது இதில் எங்கேயும் காப்பாற்றாது. இதை அரை நொடியில், நாலு பேர் மறைத்து நிற்கும்போது முடிவு செய்ய வேண்டும். 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங், ஸ்பெயினின் ஸாபி அலோன்சோவின் நெஞ்சிலேயே பூட்ஸை வைத்தார், நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள். பிறகு பார்த்தபோது அது சிவப்புதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கே அந்தக் கதி என்றால் மஞ்சக்குப்பத்தில் என்ன கேட்பது? அதனால் காலால் செய்கிற குற்றத்தில் நடுவர் தடுமாறினால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

வாயால் செய்கிறதில் அந்தச் சாக்கு செல்லாது. "என்னா சார், கண்ணு தெரியலையா" என்று கையை விரித்தால் அது எதிர்ப்பு, மஞ்சள். அம்மா, அக்கா, சாதி என்று இழுத்தால் அது வசவு, நேரே சிவப்பு. இதைப் பிரித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்தால் போதும். சொல்லப்போனால் இந்த அட்டைகள் பிறந்த கதையிலேயே வாய்தான் இருக்கிறது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினா அணித் தலைவர் ரத்தினை, ஸ்பானிஷ் மொழி தெரியாத ஜெர்மானிய நடுவர் க்ரைட்லைன், நாக்கால் வன்முறை செய்கிறார் என்று வெளியே அனுப்பினார், அந்த மனிதர் போக மாட்டேன் என்று நிமிடக்கணக்கில் நின்றார். அன்று நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், மொழியே தேவைப்படாத எச்சரிக்கை வேண்டும் என்று யோசித்து, சிக்னலில் காரை நிறுத்தியபோது மஞ்சளையும் சிவப்பையும் கண்டுபிடித்தார் என்பார்கள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை வந்தன. அங்கே மொழி தெரியாத நடுவர் அனுப்பினார், இங்கே தாய்மொழியில் வாங்கிக்கட்டிக்கொள்கிற நடுவர் காது கேளாதவர் ஆகிவிடுகிறார்.

மேல்மட்டத்தில் தண்டிக்க ஒரு அமைப்பு இருக்கிறது. 2023 மார்ச்சில் பெங்களூரு அணி வேகமாக எடுத்த ஃப்ரீ கிக் கோலை எதிர்த்துக் கேரளா பிளாஸ்டர்ஸ் மொத்தமாக மைதானத்தை விட்டுப் போனதற்கு அகில இந்தியக் கூட்டமைப்பு 4 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எங்கள் மைதானத்தில் நடுவர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் அதை வாங்கக்கூட ஆள் இல்லை. கவரை வைத்திருப்பவரும் வசவு பேசியவரும் ஒரே அணியாக இருந்தால் யாரிடம் போய்க் கொடுப்பது?

போட்டி நடத்துகிறவர்கள் நோட்டீசில் கோப்பை அளவையும் பரிசுத் தொகையையும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அதிலேயே ரெண்டு வரி சேர்க்கலாம். நடுவரிடம் பேச அணித் தலைவர் மட்டும்தான் வரலாம், மற்றவன் ஓடி வந்தால் மஞ்சள். 2024 யூரோ கோப்பையில் இதைச் செய்தார்கள், நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துவது நன்றாகவே குறைந்தது. அடுத்து, தற்காலிக வெளியேற்றம். அடிமட்டப் போட்டிகளுக்கு விதிப் புத்தகமே இதற்கு இடம் தருகிறது, மொத்த நேரத்தில் 10 முதல் 15 சதவீதம் வெளியே உட்கார வேண்டும். நம்ம 40 நிமிட ஆட்டத்துக்கு அது நாலிலிருந்து ஆறு நிமிடம். எதிர்த்துக் கத்தினவனை ஏழு பேர் ஆட்டத்தில் அஞ்சு நிமிடம் உட்கார வைத்துப் பாருங்கள், அவன் கூட்டாளிகளே அவன் வாயைப் பொத்துவார்கள். அப்புறம், நடுவருக்கான பணத்தை ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே கையில் கொடுத்துவிடுங்கள். ராத்திரி பஸ் ஸ்டாண்டு வரை ஒருத்தர் பைக்கில் கொண்டுபோய் விடட்டும்.

நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. லெஃப்ட் பேக்காக ஆடிய காலத்தில் ஒரு நடுவரை வாய்க்கு வந்தபடி பேசிச் சிவப்பு வாங்கியிருக்கிறேன், அதற்காக ரெண்டு வருஷம் அவரைக் கண்டாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனேன்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் செய்தியில் அந்தப் பையன் முரட்டு ஆட்டத்துக்காக வெளியேற்றப்பட்டதாக இருந்தது. அவனுடைய அப்பா தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர். பேப்பரில் அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "எம்புள்ள யாரை அடிச்சான்னு சொல்லுங்க" என்று கேட்டார். அவன் யாரையும் அடிக்கவில்லை, சட்டையைத்தான் கழற்றினான். அதே பக்கத்தில் ஒரு வரி திருத்தம் போடுங்கள், அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய லெஃப்ட் பேக் ஒருவர்,
கடலூர் முதுநகர்.