எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

பிள்ளை பெற்ற பிறகு வந்த மனச்சோர்விலிருந்து தங்கச்சி தேறி வருகிறாள். மருத்துவரும் அப்படியே சொல்லிவிட்டார். நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்ப எழுத மனம் வரவில்லை. அவள் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இந்த மடலைப் பொதுவில் வைக்கிறோம்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் துணைத்தாய் (இதே மனச்சோர்வைக் கடந்துவந்து, மற்றத் தாய்மாருக்குத் துணையாகப் பேசுபவர்) வரும் நேரம் பார்த்து வந்து, காய்ந்த வற்றலை அள்ளலாம் வாங்க என்று தங்கச்சியின் அம்மாவையும் பாட்டியையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போவார். முக்கால் மணி நேரம் கீழே வரவிடமாட்டார். இதைச் செய்யுங்கள் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் இருக்கும்போது அவளுக்குத் தனியாக ஒரு நிமிடம் கிடைப்பதே அரிது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியத் துணைத்தாய் கேட்கும் எடின்பரோ வினாத்தாளில் 10 கேள்விகள். கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பக்கத்தில் பாட்டி உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே பதில் வரும், கூட்டினால் ஒன்றும் தேறாது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது 10-வது கேள்வி. அதை ஆள் இருக்கும்போது கேட்கவே கூடாது. "இல்லவே இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை அவளைத் தனியே விடக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று துணைத்தாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாக்குக் கொடுப்பதில்லை.

தனிமை கிடைத்தாலும் உடனே பேச்சு வராது. பாதி நேரம் மௌனமாகப் போகும். "எனக்கும் பிள்ளையத் தூக்கவே பிடிக்காம இருந்துச்சு" என்று அதே வழியில் வந்தவள் சொன்ன பிறகுதான் வாய் திறக்கும். அறிவுரை சொன்னால் திறந்த வாய் மூடிக்கொள்ளும்.

கனடாவின் ஒன்டாரியோவில் 701 தாய்மாரிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அனுபவப்பட்ட தாய்மார் போனில் பேசிவந்த குழுவில் 12 வாரத்தில் 14 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறி இருந்தது, மற்றக் குழுவில் 25 சதவீதம். நம் வீடுகளில் போனை ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கும். தாய்க்குத் தாய் பேசினால் பலன் உண்டு, அதற்கு முதலில் ஒரு கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. பெரியம்மா சாத்திக் கொடுத்தது அந்தக் கதவைத்தான்.

மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம் என்று வீட்டாருக்குப் பொறுமையாக விளக்கிய மருத்துவர், ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொன்ன கிராம சுகாதார செவிலியர், நள்ளிரவில் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் பேசிய டெலி மானஸ் ஆலோசகர், எடுத்துவைத்த தாய்ப்பாலை இரவில் தானே புகட்டி அவளை ஐந்து மணி நேரம் விடாமல் தூங்கவைத்த மாப்பிள்ளை, எல்லோருக்கும் எங்கள் வணக்கம். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும், அதற்கு மேல் நீண்டால் விடாதீர்கள் என்று அடித்துச் சொன்ன அந்தப் பக்கத்துத் தெரு அக்காவுக்கும்.

இனி எந்த வீட்டுக்கும் இருவராகவே போவோம். ஒருத்தி தாயோடு, இன்னொருத்தி பெரியவர்களோடு. அந்த இரண்டாவது ஆளுக்குப் பழக்கிவிட, பெரியம்மா, நீங்கள்தான் வர வேண்டும்.