15ஆம் தேதிக்குள் அரசுக்குத் தெரிந்துவிடுகிறது

மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் (பராமரிப்புப் பணம்) கேட்டு மனு போடுகிறவர்களுக்குத் துணை நிற்பவர்கள் நாங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கு நீதிமன்றம் போடும் ஆணை எந்த இடத்தில் வெறும் தாளாகிவிடுகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

ஆணை வாங்குவது பலர் நினைப்பதுபோல் பெரிய மலை இல்லை. விவாகரத்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால், பெரும்பாலும் முதலில் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போகவேண்டும். அங்கேயே ஆறு மாதம் வரை ஓடிவிடும். அதுவரை பிள்ளை சாப்பிட வேண்டாமா? 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டப்படி கீழ் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்களுக்கும் பிள்ளையைப் பொறுத்தவரை இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 1982 மார்ச் 1க்குப் பிறகு பதிவில்லாத கல்யாணம் சட்டத்தில் கல்யாணம் ஆகாது. ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையும் தகப்பன் பராமரிக்க வேண்டும் என்று அந்த 1950ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சிக்கல் அவர்தான் தகப்பன் என்று நிரூபிப்பதில் வருகிறது. அப்படிப் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் ஏற, இருவரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே இழுபடும். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் அன்றே பதிவுக்கும் நாள் குறிக்கச் சொல்லி ஆலய நிர்வாகங்களிடம் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதற்குச் சட்டத்தில் வாய்பாடு கிடையாது. பெற்றோரின் வசதியையும் பிள்ளையின் தேவையையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். அதனால் "மாதம் ஐந்நூறு" என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது. பள்ளி வேன், பால்மாவு, சீருடை, மருந்து என்று தனித்தனியாக ரசீதோடு போகவேண்டும். எதிர்த்தரப்பின் சம்பளச் சீட்டை வரவழைக்கும்படியும் கேட்க வேண்டும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் 11 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) என்றால் 187 ரிங்கிட் போய்விடும். அதன் பிறகு சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா). இவை சட்டப்படியான பிடித்தம். ஆனால் கூட்டுறவுக் கடன், மோட்டார் சைக்கிள் தவணை எல்லாவற்றையும் கழித்துவிட்டு "கையில் இவ்வளவுதான்" என்று காட்டும் சீட்டும் வரும். அவை அவராக இழுத்துவிட்டுக்கொண்ட செலவுகள். பிள்ளையின் சோற்றுக்கு முன்னால் அவை நிற்கக் கூடாது என்று கேட்டு வாதாட வேண்டும்.

ஆணையில் எழுதப்படும் தேதியை யாரும் கவனிப்பதில்லை. வேலைச் சட்டப்படி முதலாளி அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டால் போதும். ஆணையில் 1ஆம் தேதி என்று இருந்தால், நல்ல மனிதர்கூட மாதா மாதம் தவணை தவறியவராகிவிடுவார். 10ஆம் தேதி என்று கேளுங்கள். பணம் பேங்க் வழியாகவே வரட்டும். கையில் கொடுத்த காசுக்கும், லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசலில் இறக்கிவிட்டுப் போன அரிசி மூட்டைக்கும் பின்னால் கணக்குக் காட்ட முடியாது. இரு தரப்பும் அதை வைத்தே சண்டை போடும்.

மனு போடுவது தாய்தான் என்பதுபோல் நாங்கள் பேசினாலும், பிள்ளை தகப்பனிடம் வளர்ந்தால், வசதியுள்ள தாயையும் கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்தால் முடியும்.

இனி உண்மையான தலைவலி. பணம் நின்றுபோனால், சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்கும்படி முதலாளிக்கு உத்தரவு வாங்க 1968ஆம் ஆண்டின் ஜீவனாம்ச அமலாக்கச் சட்டம் வழி செய்கிறது. தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) சம்பளக் கணக்கு எழுதும் நிரந்தர வேலைக்காரரிடம் இது நன்றாகவே வேலை செய்கிறது. அவர் வேலையை விட்டுவிட்டு ஈப்போ தொழிற்சாலைக்குப் போன மாதமே பிடித்தம் நின்றுவிடும். குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டி டன் கணக்கில் ரொக்கமாக வாங்குகிறவரிடம் பிடிக்க எதுவுமே இல்லை. பாக்கிக்குச் சிறையும் விதிக்கலாம். உள்ளே போனவருக்குச் சம்பளம் ஏது? பலரும் அறியாத இன்னொன்று: விவாகரத்து ஆணையின்படி வரவேண்டிய பாக்கியில், வழக்குப் போடுவதற்கு மூன்று ஆண்டுக்கு முந்தியதை வசூலிக்க முடியாது. "பிள்ளைகள் வளரட்டும், மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பொறுத்திருந்தவர்கள் அந்தப் பணத்தை இழக்கிறார்கள்.

ஆள் எங்கே வேலை செய்கிறார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்கத் தாயின் தலையில். மச்சானைக் கேட்டு, பேஸ்புக் படத்தில் சட்டையில் இருக்கும் கம்பெனி முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்து அலைகிறார்கள். அரசுக்கோ இது தெரியும். மார்ச் மாதச் சம்பளத்துக்கான இபிஎஃப் சந்தாவைப் புதிய முதலாளி ஏப்ரல் 15க்குள் கட்டியாக வேண்டும், சொக்சோவும் அப்படியே.

முஸ்லிம்களுக்கு ஷரியா நீதித்துறையில் குடும்ப ஆதரவுப் பிரிவு இருக்கிறது. ஆணையை அமல்படுத்த உதவுகிறது; ஜீவனாம்சம் வராதபோது தகுதியுள்ளோருக்கு முன்பணமும் தருகிறது. அதுபோன்ற ஒரு பிரிவை எங்களுக்கும் அமையுங்கள். அது பெரிய வேலை என்றால், முதலில் ஒன்றைச் செய்யுங்கள்: பாக்கி இருப்பதாக நீதிமன்றம் உறுதி செய்தால், நடப்பு முதலாளியின் பெயரை இபிஎஃப்பும் சொக்சோவும் தாயிடம் சொல்ல வேண்டாம், நீதிமன்றத்திடம் நேராகக் கொடுக்கட்டும். சம்பளத்தில் பிடிக்கச் சொல்லும் உத்தரவு ஆளைத் தொடர்ந்து புதிய முதலாளிக்குப் போகட்டும்.

குத்தகை வேலைக்காரர்கள் இதில் சிக்க மாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அவர்களுக்கு முன்பணத்தைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஜீவனாம்ச மனுக்களுக்குத் துணை நிற்போர்