37-ஆம் மேசைக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்

சென்ற மாதம் எங்கள் வட்டாரத்தில் நடந்த பள்ளி அறிவியல் கண்காட்சியின் நடுவர் குழுவில் இருந்த ஐயாமார்களுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 37-ஆம் மேசை என்றால் ஒருவேளை நினைவு வரலாம். அதுவும் வரவில்லை என்றால் 'அந்தப் பைப் பிள்ளை' என்று சொன்னால் கட்டாயம் வரும். நீங்கள் வைத்த பெயர்தானே. அந்தப் பிள்ளைக்கு நான் தாய்மாமன். காரைக்குடியில் பைப் கடை வைத்திருக்கிறேன். அழகப்பா கல்லூரியில் இயற்பியல் படித்தவன் என்பதைக் கடைக்கு வருகிறவர்கள் யாரும் நம்புவதில்லை, அது வேறு கதை.

அன்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுக்கப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். பாப்பாவைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கொடுங்கள். ராக்கெட்டுக்குப் பதில் பீரங்கியால் விண்வெளிக்கு ஏவ முடியுமா என்று ஒரு பைப்பை வைத்து அவள் செய்து பார்த்ததை அவள் வாயால் கேளுங்கள். மதிப்பெண் தாளில் 'தலைப்புக்குத் தொடர்பில்லை, ஆயுத மாதிரி' என்று எழுதினீர்களே, அந்த வரி இருக்கலாமா கூடாதா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆறடி பைப்பை டவுன் பஸ்ஸில் கொண்டுவருவது எப்படி என்பது. காலை ஆறே முக்கால் பஸ். உள்ளே படுக்க வைத்தால் ஏறுகிறவர்கள் காலில் தடுக்குகிறது, நிறுத்தி வைத்தால் மேலே இடிக்கிறது. கடைசியில் ஜன்னலோரமாகச் சாய்த்து, ஊரிலிருந்து காரைக்குடி வரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி நின்றே வந்திருக்கிறாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டார். அவள் அம்மா, என் அக்கா, ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறவள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வந்தாள். வாசலில் காவலாளி பைப்பை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, 'குழல் மாதிரி எது வந்தாலும் உள்ளே விடாதே' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆக, ஐந்து மாதம் செய்த சாமான் வாசலில், பிள்ளை உள்ளே. மேசையில் ஒரு சார்ட்டும் ஒரு நோட்டும் மட்டும்.

காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவள். நீங்கள் எந்த நேரம் வந்துவிடுவீர்களோ என்று சாப்பிடக்கூடப் போகவில்லை. நீங்கள் வந்தது மூன்றே முக்காலுக்கு. "ராக்கெட் எங்கேம்மா?" என்று கேட்டீர்கள். "ராக்கெட் இல்ல சார், இது பீரங்கி" என்றாள். அவ்வளவுதான். ஒருவர் சிரித்தார், ஒருவர் எழுதினார், அடுத்த மேசைக்குப் போய்விட்டீர்கள். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள், இரண்டு நிமிடம்கூட இல்லையாம். முதல் பரிசு, சீரியல் பல்பு போட்ட தெர்மோகோல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு. அந்தப் பையன் மேல் ஒரு குறையும் இல்லை, பல்பு நன்றாகவே எரிந்தது.

நீங்கள் கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி கடை அடைக்கிற நேரத்துக்கு என்னிடம்தான் ஒப்பித்துப் பார்த்தாள்.

பி.எஸ்.எல்.வி. புறப்படும்போது 320 டன். அது துருவச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது 1,750 கிலோ வரை. மீதியில் பெரும்பகுதி எரிபொருள், அதைச் சுமக்கிற கூடு. எரிபொருளைத் தூக்க எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்க இன்னும் எரிபொருள். இதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "மாமா, போர்வெல் போடும்போது கம்ப்ரசரைக் குழிக்குள்ளயா இறக்குவீங்க?" என்று கேட்டாள். இல்லை, கம்ப்ரசர் லாரி மேலே நிற்கும், காற்று மட்டும் குழாய் வழியாகக் கீழே போகும். "அப்ப ராக்கெட் மட்டும் ஏன் கம்ப்ரசரைத் தூக்கிக்கிட்டே போகுது?" என்றாள். இருபது வருடமாக போர்வெல்காரர்களுக்குப் பைப் விற்கிறேன், எனக்கு ஒரு நாளும் இது தோன்றவில்லை.

பீரங்கியில் ஏவுவதன் சாரம் அவ்வளவுதான். தள்ளுகிற வேலையில் பெரும்பகுதியைத் தரையிலேயே முடித்துவிடுவது. இது அவள் கற்பனை இல்லை. ஜெரால்டு புல் என்ற கனடாக்காரர் 1960-களில் மெக்கில் பல்கலைக்கழகமும் அமெரிக்க ராணுவமும் கொடுத்த உதவியோடு பார்படாஸ் தீவில் ஹார்ப் என்ற திட்டத்தை நடத்தினார். போர்க்கப்பலில் இருந்த 16 அங்குலப் பீரங்கிக் குழல்கள் இரண்டை ஒன்றோடு ஒன்று சேர்த்து 36 மீட்டர் நீளத்துக்கு ஒரே குழலாக்கினார்கள். (கப்ளிங் போடுவது எவ்வளவு பாடு என்று தெரிந்த நான் இந்த இடத்தில் எழுந்து நின்று கும்பிட்டேன்.) அதே வகைப் பீரங்கியால் 1966 நவம்பர் 18 அன்று அமெரிக்காவில் அரிசோனாவின் யூமாவில் சுட்ட குண்டு 180 கிலோமீட்டர் உயரம் போனது. விண்வெளி 100 கிலோமீட்டரில் தொடங்குகிறது என்பது பொதுக் கணக்கு. அடுத்த ஆண்டே பணத்தை நிறுத்தித் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

உள்ளே வைக்கிற கருவி நொறுங்கிவிடாதா? நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிற அதே இயக்கச் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். நொடிக்கு 2.1 கிலோமீட்டர் வேகத்தை 36 மீட்டருக்குள் எட்ட வேண்டுமென்றால் புவியீர்ப்பைப் போல 6,000 மடங்குக்கு மேல் அழுத்தும். மனிதர் போக முடியாது என்று பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருக்கிறாள். ஆனால் கருவி போகலாம். இரண்டாம் உலகப்போரிலேயே கண்ணாடி வால்வு (பழைய ரேடியோவில் பல்பு மாதிரி இருக்குமே, அது) வைத்த ரேடியோ கருவியைப் பீரங்கிக் குண்டின் மூக்கில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள், அது உடையாமல் வேலையும் செய்திருக்கிறது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? பிள்ளையார்பட்டிக் கடையில் வாங்கிய பொம்மை வாட்ச்சின் உள்பாகத்தை எடுத்து, எம்-சீலுக்குள் புதைத்து உருண்டையாக்கி, பைப்பில் வைத்துச் சுட்டாள். பள்ளி மைதானத்துச் சுவரில் மோதி விழுந்த உருண்டையை உடைத்துப் பார்த்தால் வாட்ச் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு நிமிடம் பின்தங்கி ஓடியது. வாங்கும்போதே அப்படித்தான் ஓடியது என்று நேர்மையாகக் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறாள்.

பைப்பின் நீளத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த இடம் இது. சைக்கிள் பம்பு, ஒரு பாட்டில் காற்று, காற்றைத் திறந்துவிட ஒரு பால் வால்வு (ball valve), ஒன்றரை இஞ்ச் பைப். காற்று பத்து பவுண்டுக்கு மேல் ஏறக்கூடாது என்பது என் உத்தரவு, ஏற்றும்போதெல்லாம் நான் பக்கத்தில் நின்றேன். இரண்டடி, நாலடி, ஆறடி, எட்டடி, பத்தடி என்று வெட்டிக் கொடுத்தேன். ஆறடி வரை நீளம் கூடக் கூட, உள்ளே வைத்த பிங்பாங் பந்து தூரமாகப் போனது. எட்டடியில் குறைந்துவிட்டது, பத்தடியில் இன்னும் குறைந்தது. பாட்டிலில் இருந்த காற்று விரிந்து முடிந்த பிறகு மிச்சப் பைப் வெறும் உராய்வுதான் என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அதனால்தான் ஆறடி பைப் வந்தது. அழகுக்குக் கொண்டுவரவில்லை.

காற்றுக்குப் பதில் ஹைட்ரஜன் வேண்டும் என்று கேட்டாள். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டேன். கேட்டதில் விஷயம் இருக்கிறது. தள்ளுகிற வாயு எவ்வளவு லேசோ அவ்வளவு வேகம் கிடைக்கும். ஹைட்ரஜனில் ஒலி போகிற வேகம் காற்றில் போவதைப் போலக் கிட்டத்தட்ட நாலு மடங்கு, வெடிமருந்துப் புகை கனம். கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹன்ட்டர் என்பவர் 1990-களில் ஹைட்ரஜன் பீரங்கி கட்டி, 5 கிலோ குண்டை நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக் காட்டினார். 2021-இல் நியூ மெக்சிகோவில் ஸ்பின்லாஞ்ச் என்ற நிறுவனம் வெடியும் இல்லாமல் வாயுவும் இல்லாமல், கவணில் கல் சுழற்றுவது போலச் சுழற்றி விட்டுப் பார்த்தது.

இதெல்லாம் ராக்கெட்டை ஒழித்துவிடும் என்று அவள் எங்கேயும் சொல்லவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பீர்கள். உயரம் போவது வேறு, சுற்றி வருவது வேறு என்று எழுதியிருக்கிறாள். சுற்ற வேண்டுமென்றால் பக்கவாட்டில் நொடிக்கு 7.8 கிலோமீட்டர் அளவுக்கு வேகம் வேண்டும். அந்த வேகத்தில் சுட்டாலும், தரையில் புறப்பட்ட குண்டின் பாதை திரும்பத் தரைக்கே வந்து முட்டும். உச்சியில் ஒரு தள்ளு கொடுக்கக் குண்டுக்குள்ளேயே சின்ன ராக்கெட் இருந்தாக வேண்டும். புல்லும் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தார், நிறைவேறவில்லை. இன்றுவரை பீரங்கியால் எதுவும் சுற்றுப்பாதைக்குப் போனதில்லை. இதையும் அவளே எழுதியிருக்கிறாள். 'தலைப்புக்குத் தொடர்பில்லை' என்றீர்கள். தலைப்பு 'விண்வெளித் தொழில்நுட்பம்'.

சரி, ஆயுதம். இதில் நீங்கள் சொன்னது முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஜெரால்டு புல் பின்னாளில் சதாம் உசேனின் ஈராக்குக்கு 'பாபிலோன்' என்ற ராட்சதப் பீரங்கி செய்யப் போனார். 1990 மார்ச்சில் பிரஸ்ஸல்ஸில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பாப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம், "ராக்கெட் செஞ்சவங்கள்லாம் நல்லவங்களா மாமா?" என்று கேட்டாள். 1780-இல் காஞ்சிபுரம் பக்கத்துப் பொள்ளிலூரில் மைசூர்ப் படை ராக்கெட் விட்டது திருவிழாவுக்கு இல்லை. 1944-இல் லண்டன் மேல் விழுந்த ஜெர்மனியின் வி-2 ராக்கெட் பூமாலை போடவும் விழவில்லை. அந்த வி-2 வழியில் வந்ததுதான் இன்றைய ராக்கெட். அந்த ராக்கெட்டுக்குப் பல்பு போட்டால் பரிசு, சைக்கிள் பம்பில் பிங்பாங் பந்து விட்டால் ஆயுதம்.

அப்படியே பார்த்தால் நம் ஊர்க் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டு போடுகிறோமே, இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்துத் திரி வைக்கிறோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? செட்டிநாட்டில் பாதி ஊர் பீரங்கிப் படை வைத்திருக்கிறது என்று கலெக்டருக்கு எழுதிவிடலாமா? உங்களில் ஒருவரைப் போன திருவிழாவில் வேட்டுக்குப் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி பார்த்திருக்கிறேன்.

நமக்கு இருக்கிறதைக் கழற்றி விற்கத்தான் நன்றாக வருகிறது. பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கதவுமாக வீடு வீடாகப் பிரித்து முனீஸ்வரன் கோயில் தெருவில் அடுக்கி வைத்திருக்கிறோம். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் செட்டிநாட்டில் வெயில் காய்கிறது. இதே காரைக்குடியில் வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்து, 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டித்தான் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 'மின்சாரமும் அமிலமும் ஆபத்து, தலைப்புக்குத் தொடர்பில்லை' என்று அன்றைக்கு யாராவது தாளில் எழுதியிருந்தால்? குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. அங்கே நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் வேற்றூரிலிருந்தா வர வேண்டும்?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். உங்களுக்கு ஒரே நாளில் அறுபது மேசை, வெயில், மதியச் சாப்பாடும் தாமதம் என்று கேள்விப்பட்டேன். பரிசை மாற்றிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பையனிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். பத்து நிமிடம்தான் கேட்கிறேன். நீங்கள் சொல்கிற நாளில், சொல்கிற இடத்துக்கு நானே அழைத்து வருகிறேன். கேட்டுவிட்டு இதில் அறிவியல் இல்லை என்று அவளிடம் நேரில் சொன்னாலும் சரிதான், சண்டைக்கு வர மாட்டேன். ஏன் இல்லை என்று அவள் கேட்பாள், அதற்கு மட்டும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாமதிக்க வேண்டாம் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. அந்த நோட்டின் பின்பக்கத்தில் அக்கா பால் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். கேட்டதற்கு, "அவதான் எடுத்துக்கச் சொன்னா" என்கிறாள். இன்னும் பதினோரு பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது.

கடைசியாக, பைப். வாசலில் வாங்கி வைத்ததை மாலையில் கேட்டபோது, பூட்டிய அறையில் இருக்கிறது, சாவி இல்லை என்றார்கள். இரண்டு முறை ஆள் அனுப்பியும் வரவில்லை. என் கடையில் பைப்புக்குப் பஞ்சமில்லை, இன்னொன்று வெட்டிக் கொடுத்தேன். அவளுக்கு அது வேண்டாமாம். வெள்ளை நிறம், ஒன்றரை இஞ்ச், ஆறடி, ஒரு முனையில் பச்சைப் பெயின்டில் 'வாய்' என்று எழுதியிருக்கும். தேடி எடுத்து வைத்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
37-ஆம் மேசைப் பிள்ளையின் தாய்மாமன்,
காரைக்குடி.