பழைய கம்ப்யூட்டர எடைக்கு போடறதுக்கு முன்னாடி வைன் சாஃப்ட்வேர் பத்தி சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதுலேர்ந்து எல்லாரும் சொல்றது, ஒண்ணு புது கம்ப்யூட்டர் வாங்கு, இல்லன்னா லினக்ஸுங்கற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப் கேக்குது, ப்ராசஸரும் ஓரளவு புதுசா இருக்கணும், அதனால நல்லா ஓடிக்கிட்டிருக்குற மெஷின் எத்தனையோ வெளிய நிக்குது. சரி லினக்ஸ் போடலாம்னா எங்கள மாதிரி டிடிபி வேலை பாக்குறவங்க கேக்குற மொத கேள்வி, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் ஓடுமா? 2001-ல வந்த 7.0-ஓட அது நின்னு போச்சு, இப்ப எல்லாரும் பயன்படுத்துற யூனிகோட் எழுத்து முறையும் கெடையாது, ஆனா கல்யாணப் பத்திரிகைலேர்ந்து கும்பாபிஷேக மலர் வரைக்கும் அத்தன வருஷத்து ஃபைலும் பழைய ஃபான்ட்ல அதுக்குள்ளதான் கெடக்கு, யாரு உக்காந்து திரும்ப டைப் அடிக்கிறது.

இந்த எடத்துல வைன்ங்கற சாஃப்ட்வேர் பேர யாருமே சொல்றதில்லங்கறதுதான் என் ஆதங்கம். விண்டோஸ் ப்ரோக்ராம் ஒண்ணு ஃபைல தொற, ஜன்னல் வரை, ப்ரிண்ட் அனுப்புன்னு கேக்குறத எல்லாம் லினக்ஸ் மேல நின்னு வைன் செஞ்சு குடுக்குது, விண்டோஸ் லைசென்ஸே வேணாம். மைக்ரோசாஃப்ட் கோட் ஒரு வரி கூட உள்ள வரக்கூடாதுன்னு விண்டோஸ் சோர்ஸ் கோட பாத்தவங்கள எழுதவே விடமாட்டாங்க. அப்ப எப்படி எழுதறாங்கன்னா, சின்னச் சின்ன டெஸ்ட் ப்ரோக்ராம நெஜ விண்டோஸ்ல ஓட்டி அது என்ன பதில் சொல்லுதுன்னு பாத்து, அதே பதில் வர்ற மாதிரி எழுதறாங்க, விண்டோஸ் தப்பா ஒண்ணு செஞ்சா அந்தத் தப்பும் அப்படியே வரணும், ஏன்னா அத நம்பி ஓடற ப்ரோக்ராம் இருக்கும். 1993-ல ஆரம்பிச்ச வேலை, 1994-லேர்ந்து அலெக்ஸாந்த்ர் ஜூலியார்தான் நடத்துறார், 1.0 வர 2008 ஆச்சு. பதினஞ்சு வருஷமான்னு கேக்குறவங்க அந்த வேலையோட அளவ பாக்கல.

2018-ல வால்வ் கம்பெனி கேம்ஸுக்காக இத வச்சு ப்ரோட்டான்னு ஒரு சாஃப்ட்வேர் கொண்டு வந்தப்புறம் வேகம் கூடிருச்சு. எனக்கு முக்கியமா படறது 2024 ஜனவரில வந்த வைன் 9.0. நம்ம பழைய சாஃப்ட்வேர் பெரும்பாலும் 32 பிட், லினக்ஸ்லயோ 32 பிட் லைப்ரரிய, அதாவது அந்த ப்ரோக்ராம் ஓடத் தேவையான துணை ஃபைல்கள, மெதுவா கழட்டி விட்டுக்கிட்டிருக்காங்க, ஆப்பிள் 2019-லயே மொத்தமா நிறுத்திருச்சு. 9.0-ல வந்த புது வாவ்64 முறைல 32 பிட் ப்ரோக்ராம் கேக்குறத வைனே 64 பிட்டா மாத்திக்குது, கீழ 64 பிட் லைப்ரரி மட்டும் இருந்தா போதும். 64 பிட் விண்டோஸ் கைவிட்ட விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் ப்ரோக்ராம கூட வைன் ஓட்டும். லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல் 6.14-லயும் வைனுக்காகவே என்டிசிங்க்னு ஒரு ட்ரைவர சேத்திருக்காங்க, ஒரே நேரத்துல பல வேலை செய்யற ப்ரோக்ராம்கள் தேங்காம ஓடறதுக்கு. இனி ஃபோன்ல இருக்குற மாதிரி ஆர்ம் ப்ராசஸர், லினக்ஸ்ல திரைல காட்டுற புது முறையான வேலேண்ட்னு வேலை போயிட்டிருக்கு.

ஓடாததும் இருக்கு. காப்பி அடிக்காம இருக்க கம்ப்யூட்டர் பின்னாடி சொருகுற லாக் வச்ச சாஃப்ட்வேர் பலதும் ஓடாது, விண்டோஸோட யுஎஸ்பி ட்ரைவர் பெரும்பாலும் வைனுக்குள்ள ஓடாது. இதுக்கு பதில் வைன்காரங்க கிட்ட இல்ல, வித்தவங்கதான் லாக் இல்லாத வெர்ஷன் குடுக்கணும், காசு குடுத்து வாங்குன நாம கேக்கணும்.

இன்னொண்ணு, யூனிகோட் தமிழ் எழுத்து சேர்றதுக்கு, அதாவது ஒகரத்துக்கு கொம்பு முன்னாடி கால் பின்னாடி போறதுக்கெல்லாம் வைன்ல கோட் இருக்கு. ஆனா தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், பழைய ஃபான்ட் கன்வர்ட்டர், நம்ம ஊர் பில்லிங் ப்ரோக்ராம் இதெல்லாம் எங்க ஒடையுதுன்னு வெளிநாட்டுல உக்காந்திருக்குறவருக்கு எப்படி தெரியும், நாமதான் ஓட்டிப் பாத்து சொல்லணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு டெவலப்மெண்ட் வெர்ஷன் வருது, வருஷா வருஷம் ஜனவரில ஸ்டேபிள். எந்த வெர்ஷன், டெர்மினல்ல என்ன எர்ரர் வந்துச்சு, என்ன அமுக்குனப்ப நின்னுச்சு, இவ்வளவும் வைன்காரங்களுக்கு எழுதுனா போதும். பாலிடெக்னிக், இன்ஜினியரிங் பசங்களுக்கு ப்ராஜெக்டா குடுத்தா அவங்களுக்கும் உருப்படியான வேலை, அச்சக சங்கங்களும் தங்ககிட்ட இருக்குற சாஃப்ட்வேர் லிஸ்ட்ட அவங்களுக்கு குடுக்கலாம்.

உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல இத எப்படி போடறதுன்னு படத்தோட ஒரு வாரம் எழுதுங்க சார், ஜனவரில புது வெர்ஷன் வர்றப்ப போட்டா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
டிடிபி தொழிலாளி ஒருவர்,
சிவகாசி.