ஜன்னலோரக் கட்டில்காரனுடன் ஒரு சண்டை

திருச்சி,
ஐப்பசி 12

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் செவ்வாயன்று கிடைத்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது, கூடவே என் முழங்கால் வலியும். வேறு விசேஷம் இல்லை.

கூட்டாக வாங்கிய மனையை விற்பதா வேண்டாமா என்று உனக்கும் உன் நண்பருக்கும் பேச்சு முற்றியதையும், அதன்பின் மூன்று இரவுகள் நீ உறங்காததையும் படித்தேன். நியாயம் யார் பக்கம் என்று இங்கிருந்து சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் 'இந்த வயதிலும் நாக்கை அடக்கத் தெரியாத நான் மனிதனே இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரி என்னை உறுத்திவிட்டது. சென்ற மாதம் நானும் ஏறக்குறைய அதையேதான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் விடுதி அறையின் ஜன்னலோரக் கட்டில்காரன், அதுதான் மதுரைக்காரன், வீட்டுக்கு வந்திருந்தான். காப்பியை டபராவில் ஆற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "அப்பா பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார், நீ ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை" என்றான். அது உண்மை, உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அவன் தங்கை திருமணத்துக்கு நான் அலைந்ததிலிருந்து தொடங்கி, முப்பது ஆண்டுக் கணக்கையும் கணக்குப்பிள்ளை போல ஒப்பிக்க ஆரம்பித்தேன். காது மடல் சுட்டது. அவன் உதடு அசைவது தெரிந்ததே தவிர, சொல் எதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஜான் காட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றிச் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. வாக்குவாதத்தில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் பேச்சை உள்வாங்குவது கடினம் என்றும், உடம்பு தணிய 20 நிமிடமாவது வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். அவர் ஆராய்ந்தது கணவன் மனைவியரை. நாற்பது ஆண்டு நட்பும் ஒருவகைக் குடித்தனம்தானே! "எனக்குப் படபடப்பாக இருக்கிறது, கொஞ்சம் பொறு, வந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய், தண்ணீர்த் தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'வந்து பேசுகிறேன்' என்பதைச் சொல்லாமல் எழுந்து போயிருந்தால் அது இன்னொரு அவமதிப்பாகியிருக்கும்.

முதல் ஐந்து நிமிடம் வீணாயிற்று. அடுத்து என்ன சொல்லி அவனை மடக்கலாம் என்றே மனம் ஒத்திகை பார்த்ததால் படபடப்பு குறையவே இல்லை. அதன்பிறகுதான் ஒன்று பிடிபட்டது. அவன் சொல்வதற்கு வெகுநாள் முன்பே, அந்த ஆஸ்பத்திரிக்குப் போகாத குற்றத்துக்காக நான் என்னைத் தினமும் அடித்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே புண்ணான இடத்தில் அவன் கை பட்டதால்தான் அப்படித் துள்ளினேன்.

கிறிஸ்டின் நெஃப் என்ற ஆய்வாளர் 2003-இல் வரையறுத்த ஒரு கருத்தைத் தமிழில் தன்பரிவு எனலாம். தன்னிரக்கம் என்று சொன்னால் நமக்குப் புலம்பல்தான் நினைவுக்கு வரும், இது அதுவல்ல. தவறிய நண்பனிடம் காட்டும் கனிவைத் தன்னிடமும் காட்டுவது, தவறுவது எல்லா மனிதருக்கும் உள்ளது என்று உணர்வது, வலியை ஊதிப் பெருக்காமலும் மூடி மறைக்காமலும் பார்ப்பது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். வள்ளுவர் பழைமை அதிகாரத்தில் 'பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்' என்கிறார். நண்பர் நோகச் செய்தால் அது அறியாமையாலோ மிகுந்த உரிமையாலோ என்று கொள்ளச் சொல்கிறார். அந்த 'நட்டார்' இருக்கும் இடத்தில் என்னையே வைத்துப் பார்த்தேன். உரைகாரர்கள் ஒப்புவார்களோ மாட்டார்களோ, எனக்கு மூச்சு சீரானது.

திரும்பி வந்து, "வராதது என் தவறுதான். அண்ணன் போன பிறகு அந்த வார்டு வாசலை மிதிக்க எனக்குத் துணிவு வரவில்லை" என்றேன். அவன் உடனே உருகிவிடவில்லை. ஆடை படிந்து ஆறிப்போயிருந்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னான். அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

நீ வரம்பு மீறிப் பேசியதற்கு உன் நண்பரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். அதில் நான் உனக்குச் சலுகை தரமாட்டேன். ஆனால் 'நான் மனிதனே இல்லை' என்ற நினைப்போடு போய் நின்றால், அவர் உன்னைச் சமாதானப்படுத்த வேண்டியதாகிவிடும். அவர் மனத்தாங்கலைக் கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். முதலில் ஓர் இரவாவது நன்றாகத் தூங்கு.

கார்த்திகை முதல் வாரத்தில் மதுரைக்காரன் மறுபடி வருகிறான். நீயும் வா. வரும்போது மனைப் பத்திரத்தின் நகலை எடுத்து வா. தாலுகா அலுவலகத்தில் இருந்தவன், வில்லங்கம் ஏதும் இருந்தால் பார்த்துச் சொல்வான்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்