மூட்டு மாற்று சத்திரசிகிச்சையின் பின் வழங்கும் டிரமடோலுக்கு 'நிறுத்தும் திகதி' கோரும் மனு

சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம்,
சுகாதார அமைச்சு, 'சுவசிரிபாய',
கொழும்பு 10.

ஐயா / அம்மணி,

முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றி வீடு செல்வோருக்குக் கொடுக்கும் டிரமடோல், கொடீன் போன்ற ஒபியொயிட் (அபின் வகை) வலி மருந்துகள் பற்றியது இம்மனு. இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் கேட்கவில்லை. புதிய முழங்காலை முதல் வாரங்களில் மடக்கிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும். வலிக்குப் பயந்து கட்டிலிலேயே கிடந்தால் கால் நாளத்தில் இரத்தம் உறையக்கூடும். மருந்து தேவைதான். அது எந்த நாளில் முடிய வேண்டும் என்று ஒரு தாளிலும் எழுதப்படுவதில்லை என்பதே எமது முறைப்பாடு.

வீடு செல்லும்போது தரும் டயக்னோசிஸ் காட்டில் 'டிரமடோல் 50 மி.கி., ரி.டி.எஸ்.' (நாளுக்கு மூன்று வேளை) என்ற ஒரு வரியோடு காரியம் முடிந்துவிடுகிறது. கிளினிக் ஒரு மாதம் கழித்து என்றால் மருந்தும் ஒரு மாதத்துக்குக் கட்டப்படுகிறது: 90 கப்சியூல். ஏழு நாளைக்கு 21 போதும். மிச்சம் 69 அலுமாரிக்குள் போகிறது. பின்னர் வீட்டில் யாருக்காவது முதுகு வலித்தால் வெளியே வருகிறது. பாமசியின் சிறிய கடதாசி உறையில் இருப்பதெல்லாம் மருந்தின் பெயரும் '1 × 3' என்ற கிறுக்கலும்தான். தமிழில் ஒரு சொல் இல்லை.

வீட்டில் நடப்பது தலைகீழ். கூடவே தரும் பனடோலை (பரசிற்றமோல்) 'அது காய்ச்சலுக்குத்தானே' என்று முதலில் விட்டுவிட்டு, 'பெரிய மருந்து' என்று டிரமடோலைத் தொடர்கிறார்கள். முதலில் குறைய வேண்டியது டிரமடோல்: மூன்று வேளை இரண்டாகி, பின் இரவு மட்டுமாகி, பின் நிற்க வேண்டும். கடைசியில் நிறுத்த வேண்டியது பனடோல். அதிலும் ஒரு பொறி உண்டு. டிரமடோல் 37.5 மி.கி. உடன் பரசிற்றமோல் 325 மி.கி. சேர்ந்த கூட்டுக் குளிசையை நாளுக்கு எட்டு போட்டுக்கொண்டு, பனடோலையும் எட்டு போட்டால் பரசிற்றமோல் மட்டும் 6,600 மி.கி. ஆகிறது; வளர்ந்தவருக்கான உச்ச வரம்பு 4,000. 40 கிலோ எடையுள்ள ஓர் ஆச்சிக்கு பரசிற்றமோல் ஒரு வேளைக்கு 600 மி.கி.தான் கணக்கு.

எம்மை மிகவும் கவலைப்படுத்துவது சிறுநீரகம். இம்மூட்டு மாற்றுக்கு வருவோரில் பலர் நீரிழிவும் பிரஷரும் உள்ள முதியோர். பிரஷருக்கு லொசார்டன், நீர்க்குளிசை, அதன்மேல் வலிக்கு டைக்ளோபெனக்: இம்மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் தளரலாம். அப்போது டிரமடோலும் அதிலிருந்து உடலில் உருவாகும் வீரியமான பொருளும் வெளியேறாமல் தேங்குகின்றன. அதனால் முதல் நாள் ஒத்துக்கொண்ட அதே அளவே, ஓரிரு நாள் கழித்து எழுப்ப முடியாத நித்திரையாக மாறலாம். சிறுநீரக வடிகட்டல் வீதம் 30க்குக் கீழ் என்றால் டிரமடோல் 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவைதான், நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் கூடாது. 75 வயதைத் தாண்டியவருக்கு நாளுக்கு 300தான் உச்சம். ஏற்கெனவே மனச்சோர்வுக்குப் புளுவொக்செற்றின், சேர்ட்ரலின் எடுப்பவருக்கு டிரமடோல் சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, சிலவேளை வலிப்பும் வரலாம். நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். மருந்துத் துண்டு எழுதும்போது வீட்டில் எடுக்கும் மற்ற மருந்துகளைக் கேட்பது இரண்டு நிமிட வேலை.

வைத்தியசாலை விடுதியில் கவனிக்க வேண்டியது வேறு. ஒக்சிசன் ஓடிக்கொண்டிருக்கையில் விரலில் மாட்டிய கருவி இரத்த ஒக்சிசன் அளவு 98% என்று காட்டும், மூச்சோ நிமிடத்துக்கு ஏழாகியிருக்கலாம். ஆகவே மூச்சையும் விழிப்பு நிலையையும் எண்ணிப் பதிய வேண்டும். மூச்சு மந்தமாகும் முன் மயக்கம்தான் முந்தி வரும். ஒபியொயிட்டை முறிக்கும் நலொக்சோன் கொடுத்து விழித்துவிட்டாலும் கண்காணிப்பை விடலாகாது. அது விடுதியில் கொடுக்கும் மோர்பின் என்ற ஒபியொயிட்டைவிடச் சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் நோயாளி மீண்டும் மயங்கலாம்.

ஆகவே பின்வரும் அறிவுறுத்தல்களைச் சுற்றறிக்கையாக வைத்தியசாலைகளுக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். டயக்னோசிஸ் காட்டில் ஒபியொயிட் எழுதினால் அதனருகே நிறுத்தும் திகதியும் எண்ணிக்கையும் கட்டாயமாக வேண்டும். முதல் வழங்கல் ஏழு நாளைத் தாண்டக் கூடாது. மேலும் தேவையானால் வைத்தியர் பார்த்த பின்பே வழங்க வேண்டும். மெதுவாகக் கரையும் நீண்டநேரக் குளிசைகளைச் சத்திரசிகிச்சை வலிக்கு எழுதக் கூடாது: பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2025 மார்ச்சில் இப்பயன்பாட்டையே நீக்கிவிட்டது. இக்குளிசைகளில், வலி குறைந்தாலும் அளவை உடனே குறைக்க முடியாது. நசுக்கி விழுங்கினால் 12 மணித்தியால மருந்து ஒரேயடியாக இறங்கும். ஒபியொயிட்டால் வரும் மலச்சிக்கலுக்குச் சென்னா போன்ற மருந்தும் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும்.

மருந்து உறையில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு சிறு லேபல் ஒட்டலாம். அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை தமிழையும் அரசகரும மொழி என்கிறது. உறைக்கும் அது பொருந்தும்தானே. மிச்சக் குளிசைகளைத் திருப்பி ஒப்படைக்க வைத்தியசாலை பாமசியில் ஒரு பூட்டிய பெட்டி போதும்.

லேபலுக்கான தமிழ் வாசகத்தை எழுதித் தருகிறோம்: 'இது கடும் வலிக்கு மட்டும். ......ஆம் திகதி நிறுத்தவும். மிச்சத்தை வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள். எழுப்பியும் எழும்பாவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.'

இப்படிக்கு,
கொழும்பில் பணிபுரியும் மருந்தாளர்கள், தாதியர், இயன்மருத்துவர்கள்