மழை முந்துமா, பூ முந்துமா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண்புரை அறுவைதான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அறுவை அரைமணி நேரம்கூட இல்லை, மீதி எல்லாம் என் சோம்பல். வலக்கண் முடிந்துவிட்டது. கட்டைப் பிரித்த அன்று ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தேன். சேற்றைத் தவிர அங்கே ஒன்றுமில்லை, ஆனால் அந்தச் சேற்றுக்கு அப்படி ஒரு நிறம்! இத்தனை வருடமும் உலகத்தை டீத்தண்ணி வழியாகப் பார்த்திருக்கிறேன் போல. இடக்கண்ணை மூடினால் சுவர் வெள்ளை, வலக்கண்ணை மூடினால் அதே சுவர் பழுப்பு. இரண்டு நாள் இதையே மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்து கமலாவிடம் திட்டு வாங்கினேன்.

உன் பக்கமும் சட்டம் தளர்ந்துவிட்டது, வீட்டுத் தோட்டத்தில் கஞ்சா வளர்த்துப் பார்க்கப் போகிறேன், நாலு வருடமாக வளர்ப்பவன் நீதானே, சொல்லிக்கொடு என்று எழுதியிருந்தாய். விடுதியில் சிகரெட் நாற்றத்துக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நீ! கமலாவிடம் படித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள்.

முதலில் உன் ஊர்ச் சட்டத்தை வரி வரியாகப் படித்துவிடு. அனுமதி என்ற ஒரு சொல்லுக்கு இடத்துக்கு இடம் வேறு கணக்கு. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து வீட்டுக்கு 4 செடி, ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. அதே நாட்டில் கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதையே தடுத்துவிட்டது. ஜெர்மனியில் 2024 ஏப்ரலிலிருந்து வயதுவந்த ஒருவருக்கு 3 செடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் காப்பது வளர்ப்பவர் பொறுப்பு. உன் வீட்டில் பேரன் ஓடியாடுகிறான். பூட்டுப் போட்ட வேலி இல்லாமல் ஆரம்பிக்காதே.

இனி செடிக்கு வருகிறேன். குளிரும் மழையுமான ஊரில் வெட்டவெளியில் வளர்ப்பவனுக்குப் பாதி விதி விதை வாங்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. உரம், மண், தொட்டி எல்லாம் அதற்கு அப்புறம்தான். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் பிடித்தது.

இந்தச் செடி நாள்கணக்குப் பார்த்துப் பூப்பதில்லை, இரவைப் பார்த்துப் பூக்கிறது. பகல் நீளமாக இருக்கும்வரை இலையும் கிளையுமாக ஏறிக்கொண்டே போகும். இரவு நீள ஆரம்பித்ததும்தான் பூவுக்குத் திரும்பும். வடக்கே 50 பாகை அட்சத்தில் ஜூன் கடைசியில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். அது குறைந்து குறைந்து ஆகஸ்ட் நடுவில் பதினாலரைக்கு வரும்போது பெரும்பாலான ரகங்கள் பூக்கத் தொடங்கும். தொடங்கியதிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டால் அக்டோபர் நடு. அப்போது நம் மாதிரி ஊர்களில் வானம் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பூ கனத்து முற்றும் நேரமும் மழை இறங்கும் நேரமும் ஒன்றாகவே வந்து நிற்கும். நமக்குள்ள சிக்கல் அவ்வளவும் இதுதான்.

நிலநடுக்கோட்டுப் பக்கத்து ரகங்களுக்கு அங்கே வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் அவசரம் என்பதே தெரியாது. பன்னிரண்டு, பதினாலு வாரம் பூத்துக்கொண்டே இருக்கும். இங்கே வைத்தால் நவம்பரிலும் முற்றாது, உறைபனியில் போய்ச் சேரும். சரி, சீக்கிரம் முடிகிற மலைநாட்டு ரகம் வாங்குவோம் என்று போனால் வேறு வம்பு. இந்துகுஷ் பக்கத்து ரகங்கள் வறண்ட காற்றில் வளர்ந்தவை. பூங்கொத்து கல் மாதிரி இறுகி இருக்கும். வறண்ட ஊரில் அது அழகு, மழை ஊரில் ஈரம் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை. ஆக நமக்கு வேண்டியது சீக்கிரமும் முடியணும், பூவும் நெருக்கமில்லாமல் காற்றோட்டமாக இருக்கணும். விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் கொழுத்த பூவின் படத்தைப் பார்த்து மயங்காதே. செப்டம்பர் கடைசிக்குள் முடியும் என்று சொல்கிற, மெலிந்த பூ உள்ள ரகமாகப் பார்.

இரவையே கணக்கில் எடுக்காத ரகங்களும் உண்டு. ஆட்டோஃப்ளவர் என்பார்கள். கோடை குறுகிய இடங்களில் தானாக முளைத்துக் கிடந்த ரூடராலிஸ் என்ற கஞ்சா வகையின் குணம் அது. ரூடராலிஸ் என்பது 1924-ல் யானிஷெவ்ஸ்கி என்ற ரஷ்யத் தாவரவியலாளர் வைத்த பெயர். வயது வந்தால் பூத்துவிடும், பகலின் நீளம் பற்றிக் கவலையில்லை. மே மாதம் விதைத்தால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில், ஆகஸ்டிலேயே வேலை முடிந்துவிடும். இலையுதிர்கால மழை வரும்போது தொட்டி கழுவிக் கவிழ்த்திருப்பாய். ஆனால் செடி இடுப்பளவு வந்தாலே பெரிது, இளம் வயதில் ஒரு அடி பட்டால் அதைச் சரிசெய்துகொள்ள அதற்கு நேரம் இல்லை. முதல் வருடத்துக்கு இரண்டு ஆட்டோஃப்ளவர், ஒரே ஒரு சாதாரணச் செடி என்று வை. இதை யோசனை என்று எடுத்துக்கொள்ளாதே, உத்தரவு.

இரவு பற்றி ஒரு கதை. இரண்டாம் வருடம் செடி கொல்லைக் கதவுப் பக்கம் நின்றது. ஆகஸ்ட் முடிந்தும் ஒரு பக்கம் பூ, மறுபக்கம் வெறும் இலை. உரக்குறை என்று நினைத்து நான் ஊற்றாத உரத் தண்ணீர் இல்லை. கடைசியில் கமலாதான் கேட்டாள், இந்தப் பக்கம் கதவு விளக்கு ராத்திரி பூரா எரிகிறதே என்று. விளக்கை அணைத்தேன், இரண்டு வாரத்தில் அந்தப் பக்கமும் பூக்க ஆரம்பித்தது. அதற்குள் போன நாள் போனதுதான். அப்புறம் படித்தபோது தெரிந்தது, இதைக் கண்டுபிடித்ததே இந்தச் செடியை வைத்துத்தானாம். ஜூலியேன் தூர்ன்வா என்ற பிரெஞ்சுக்காரர் சணற்கஞ்சாவையும் அதன் உறவான, பியருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியையும் வைத்துச் சோதனை செய்து, பகல் குறைவதைவிட இரவு நீள்வதே பூக்கக் காரணம் என்று 1914-ல் எழுதினார். அதே சமயம் மூண்ட முதல் உலகப்போரில் இறந்துபோனார். 1920-ல் அமெரிக்காவில் கார்னரும் ஆலார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதியதுதான் உலகத்துக்குத் தெரிந்தது, பெயரும் அவர்களுக்கே போயிற்று. விளக்கை அணைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் ஞாபகம் வருகிறது.

முளைக்க வைப்பதில் பெரிய வித்தை இல்லை. ராத்திரி ஊறப்போட்டு, ஈரத் துணியில் சுற்றி வெதுவெதுப்பான இடத்தில் வை. வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் இடு. ஆட்டோஃப்ளவரைக் கடைசிவரை நிற்கப்போகும் தொட்டியிலேயே இட்டுவிடு, இடம் மாற்றினால் அதற்குப் பிடிக்காது. பாசத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்காதே. குளிர்ந்த சேற்று மண்ணில் நாற்று அடித்தண்டில் இற்றுச் சாய்ந்துவிடும். உறைபனி பயம் தீர்ந்தபின்தான் வெளியே கொண்டுபோக வேண்டும், அதுவும் முதல் வாரம் பகலில் கொஞ்ச நேரம் மட்டும். உள்ளே 18 மணி நேர விளக்கில் வளர்த்த நாற்றை மே தொடக்கத்தில் திடீரென வெளியே வைத்தால், இரவு நீண்டுவிட்டது என்று ஏமாந்து பூக்கப் பார்க்கும். பிறகு ஜூனில் மறுபடி இலைக்குத் திரும்பும். பகல் இன்னும் நீளும்வரை பொறுத்து வைத்தால் இந்தக் குழப்பம் குறையும்.

நத்தைகளை மட்டும் குறைத்து எடைபோடாதே. ஓடு இல்லாத அந்த வழுவழுப்பன்கள் ஒரே இரவில் மூன்று நாற்றைத் தின்று தண்டை மட்டும் எனக்கு விட்டுவைத்தன. டார்ச்சோடு பதினொரு மணிக்குப் போய்க் கையால் பொறுக்குவதற்கு ஈடான மருந்தை நான் இன்னும் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னை என்னவென்று நினைத்தாரோ!

ஆண் பெண் வேறு வேறு செடி என்பது உனக்குத் தெரிந்திருக்கும். சாதாரண விதையில் பாதிக்குப் பாதி ஆண். பெண்விதை என்று தனியாக விற்பதை வாங்கினால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆண் செடியில் கணுவோரம் சின்னச் சின்ன உருண்டைகள் காம்போடு தொங்கும், பெண்ணில் இரண்டு வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருக்கும். ஆணைக் கண்டதும் உருண்டை வெடிக்குமுன் எடுத்துவிடு. மகரந்தம் காற்றில் போவது. விதை பிடித்துவிட்டால் செடியின் கவனம் அதற்கே போய்விடும், பிசின் குறைந்துவிடும்.

போன வருடக் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். என் தலைக்கு மேல் உயர்ந்த செடி, செப்டம்பர் 20 வாக்கில் முக்கால் பங்கு முற்றிவிட்டது. அடுத்த வாரம் முழுக்க மழை என்று முன்னறிவிப்பு. இன்னும் ஏழு நாள் நின்றால் எவ்வளவு கனக்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். நிறுத்தினேன். ஐந்தாம் நாள் நடுக்கொத்தில் ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி வாடியிருந்தது. அப்போது என் கண்ணுக்கு எல்லாமே மஞ்சள்தான், கண்டுகொள்ளவில்லை. எட்டாம் நாள் அந்த இலையைத் தொட்டேன், இழுக்காமலே கையோடு வந்தது. கொத்தைப் பிரித்தால் உள்ளே தண்டு பழுப்பாக இற்றுப்போய், சாம்பல் தூள். மூன்றில் இரண்டு பங்கு போயிற்று.

பொட்ரைட்டிஸ் சினெரியா என்று பெயர். சாம்பல் பூஞ்சை. உன் ஸ்ட்ராபெரியிலும் திராட்சையிலும் வருகிறதே, அதே ஆள்தான். 15 முதல் 20 டிகிரி குளிர்ச்சி, பூவின் மேல் சில மணி நேரம் காயாத ஈரம், இவ்வளவு போதும் அதற்கு. கொத்தின் உள்ளிருந்து வெளியே வருவதால் கண்ணுக்குத் தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். கம்பளிப்புழு பூவுக்குள் துளைத்துப் போட்ட எச்சத்திலும் தொடங்கும். அழுகிய இடத்துக்குக் கீழே நாலு விரற்கடை நல்ல தண்டையும் சேர்த்து வெட்டி, பையில் போட்டுக் கட்டி, தோட்டத்தை விட்டே வெளியேற்று. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியைத் துடை. மீதி நன்றாகத்தானே இருக்கிறது என்று அந்தக் கொத்தைக் காயவைத்து வைத்துக்கொள்ளாதே. பூஞ்சையை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்கு ஆகாது, நம் வயதில் கேட்கவே வேண்டாம்.

இந்த வருடத்துக்கு நான் செய்துவைத்திருப்பது இதுதான்: நாலு கம்பு நட்டு மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் தகடு, பக்கவாட்டில் ஒன்றுமில்லை. மழை மேலே விழக்கூடாது, காற்று தடையில்லாமல் போக வேண்டும். சுற்றிலும் அடைத்தால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. ஆகஸ்டில் நடுவிலிருக்கும் நெரிசல் கிளைகளைக் கழித்துவிடு. காலையில் பனி இறங்கியிருந்தால் செடியை மெல்ல உலுக்கிவிடு. என் காலை உடற்பயிற்சி இப்போது அதுதான்.

எப்போது வெட்டுவது? ஒரு லென்ஸ் வாங்கு. பூவின் மேலிருக்கும் பிசின் சுரப்பிகள் கண்ணாடி மாதிரி இருந்தால் பிஞ்சு, பால் நிறமானால் பதம், தேன் நிறம் கலந்தால் முற்றல். புத்தகம் இவ்வளவுதான் சொல்லும். மழை ஊரில் நான் சேர்த்துக்கொள்வது: பெரும்பாலும் பாலாகிவிட்டது, மூன்று நாள் மழை வருகிறது என்றால் வெட்டிவிடு. மேல்கொத்துகளை முதலில், நிழலில் நின்ற கீழ்க்கிளைகளைப் பத்து நாள் கழித்து. காயவைப்பதில் அவசரம் கூடாது. இருட்டான அறை, 18 டிகிரி அளவு, காற்றில் ஈரம் 60 சதவீதத்தை ஒட்டி, பத்து நாள். தண்டு வளைத்தால் ஒடிகிற சத்தம் கேட்டபின் ஜாடியில் போடு, முதல் இரண்டு வாரம் தினமும் திறந்து மூடு.

எவ்வளவு பயன்படுத்துகிறாய் என்று கேட்டிருந்தாய். விளைந்ததில் முக்கால்வாசி ஜாடியிலேயே தூங்குகிறது. எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, அரைமணியில் நெஞ்சு படபடக்கிறது. இந்தச் செடியின் போதைப்பொருள் மாதிரியே வேலை செய்யும், மூளையே சுரக்கும் ஒரு பொருளுக்கு 1992-ல் நம் ஆனந்தத்திலிருந்தே எடுத்து அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். எனக்கு அந்த ஆனந்தம் செடியை வளர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. நீ ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவன், வளர்ப்பது சரி, அதற்கு மேல் எதுவானாலும் டாக்டரிடம் மறைக்காமல் கேட்டுவிடு.

கடைசியில் எழுதியிருந்தாயே, நாலு விதை உறையில் வைத்து அனுப்பு என்று. அனுப்ப மாட்டேன். இரண்டு பக்கமும் சட்டம் இடம் கொடுத்தாலும் எல்லை தாண்டித் தபாலில் போவது வேறு வழக்கு. உன் ஊரிலேயே வாங்கிக்கொள். ஏப்ரல் கடைசியில் ஊறப்போடும் அன்று எனக்கு ஒரு போன் போடு. அதற்குள் இடக்கண்ணும் முடிந்திருக்கும். வந்து உன் நாற்றில் மஞ்சள் இலை இருக்கிறதா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

உன்
ராகவன்